பெட்டை பேசும் பெட்டி

ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான நீளம், மூன்று விரல் அகலம், மேல்பக்கம் திறந்த ஒரு மரப்பெட்டி. அதன் ஒரு முனையில் திருகாணியும் சிறு ஸ்பிரிங்கும் போட்டு, நீண்ட கைப்பிடியுள்ள மூடியொன்றைப் பூட்டியிருப்பார்கள். அந்த மூடிக்குத் திறந்து மூடும் வேலை கிடையாது, உரசும் வேலை மட்டும்தான். அடிப்பக்கம் லேசான வளைவாக இழைக்கப்பட்ட அந்த மூடியைப் பெட்டிச் சுவரின் விளிம்பில் பட்டும் படாமலும் இழுத்தால், உச்சத்தில் தொடங்கிக் கரகரத்துத் தாழும் ஒரு குரல் வரும். காட்டு வான்கோழிப் பெட்டை தான் இருக்கும் இடத்தைச் சொல்லும் குரல் அது. அதை நம்பி இறங்கி வரும் சேவல், மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்கும்.

அமெரிக்காவில் இதை 'பாக்ஸ் கால்' என்கிறார்கள். வசந்தம் வந்தால் நாடெங்கும் காட்டோரங்களில் இது ஒலிக்கும். இந்தப் பெட்டிகளில் ஒரு பங்கு எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் போகிறது. போகவைப்பது ஒரு பட்டியல். காட்டு வான்கோழியில் அமெரிக்காவுக்குள் நான்கு உள்ளினங்களைத் தேடிப் போகிறார்கள்: கிழக்குக் காடுகளின் ஈஸ்டர்ன், ஃபுளோரிடாவின் ஒசியோலா, டெக்ஸஸ் பக்கத்து ரியோ கிராண்டே, ராக்கி மலைகளின் மெரியம்ஸ். நான்கையும் வேட்டையாடியவர் 'கிராண்ட் ஸ்லாம்' முடித்தவர். ஐந்தாவதான கூல்ட்ஸ், மெக்சிகோவின் சியெரா மாத்ரே மலைகளில்தான் நிறைய இருக்கிறது. அதையும் சேர்த்தால் 'ராயல் ஸ்லாம்'. யுகாத்தான் தீபகற்பத்துக் காட்டில் வாழும் கண்புள்ளி வான்கோழி தனி இனம். அதுவும் சேர்ந்தால் 'வேர்ல்ட் ஸ்லாம்'. நான்கு வரை சொந்த நாட்டில் கார் ஓட்டிப்போய் முடித்துவிடலாம். ஐந்தும் ஆறும் வேண்டுமென்றால் பெரும்பாலும் பாஸ்போர்ட்டை எடுக்க வேண்டும்.

அப்படிப் பாஸ்போர்ட்டோடு ஒரே பைக்குள் போகும் பெட்டி ஒன்றைப் பின்தொடர்ந்து பார்ப்போம். உரிமையாளரின் பெயர் நமக்கு வேண்டாம். இந்தப் பாதையில் போகும் பெட்டிகளுக்கெல்லாம் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

தச்சு மேசை

பெட்டிக்கு மூதாதை எலும்பு. பெட்டை வான்கோழியின் சிறகெலும்புகளைச் சுத்தம் செய்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் குழலாக்கி, உதட்டில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் இதே குரல் வரும். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். அமெரிக்கப் பழங்குடியினர் பயன்படுத்திய கருவி இது. இன்றும் அதை விடாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எலும்புக் குழலில் நாலு சுரம் சரியாக வருவதற்குள் வேட்டைப் பருவம் நாலு கடந்துவிடும்.

உதட்டுக்கு வாய்க்காத வித்தையைக் கைக்கு மாற்றிக் கொடுத்தது மரப்பெட்டி. ஆர்கன்சா மாநிலத்தில் டார்டனெல் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன், 1897-இல் இப்படியொரு பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். 1940-களில் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத்தைச் சேர்ந்த லிஞ்ச் என்பவர் பெட்டிகளைச் செய்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் உரசிக்காட்டி விற்றார். எடுத்த எடுப்பிலேயே யாருக்கும் வரும், தப்பே வராது என்ற பொருளில் தன் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் 'ஃபூல் ப்ரூஃப்'. விற்பவர் வைக்கும் பெயர்தானே. குரல் வருவது சுலபம் என்ற வரைக்கும் அது உண்மை.

செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே கட்டையைக் குடைந்து எடுக்கலாம். இரண்டு பக்கம், இரண்டு முனை, ஓர் அடி என்று ஐந்து துண்டுகளை இழைத்துப் பசைபோட்டு ஒட்டலாம். பெட்டிக்கு செடார், மஹோகனி, பாப்லர். மூடிக்கு வால்நட் போன்ற சற்றே கடினமான மரம். குரல் பிறக்கும் இடம் பக்கச் சுவரின் மேல் விளிம்பு. அங்கே மரத்தை மெலிதாக்கி, மூடியின் வளைவுக்கு எதிர்வளைவு கொடுத்திருப்பார்கள். செய்பவர் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு தேய்ப்பார், மூடியைப் போட்டு உரசிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். ஒரு சுவரை இளம் பெட்டையின் கீச்சுக் குரலுக்கும், எதிர்ச்சுவரை வயதான பெட்டையின் தடித்த குரலுக்கும் பதம் பார்த்து நிறுத்துவார். தேவைக்கு மேல் ஒரு முறை தேய்த்துவிட்டாலும் போன மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசியாகத் திருகாணியை இறுக்குகிற அளவில்தான் மூடியின் அழுத்தம் அமையும். அதன் பிறகு அந்தத் திருகாணியைத் திருப்பக் கூடாது என்பதே பெட்டியோடு வரும் முதல் எச்சரிக்கை.

பறவை வந்த வழி

பெட்டி இருந்து என்ன செய்ய, பதில் சொல்லப் பறவை வேண்டுமே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது இல்லாமல் போயிருந்தது. காடுகளை வெட்டித் தள்ளினார்கள். சந்தையில் எடைபோட்டு விற்பதற்காக வருடம் முழுக்கச் சுட்டார்கள். 1930-களில் எஞ்சியவை சதுப்புகளிலும் செங்குத்து மலைகளிலும் ஒதுங்கிக் கிடந்தன.

மீட்க எடுத்த முதல் முயற்சி பண்ணை முறை. முட்டையை இயந்திரத்தில் பொரித்து, வளர்த்து, காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். விட்டவை நிலைக்கவில்லை. குஞ்சு எதற்குப் பதுங்க வேண்டும், எப்போது ஓட வேண்டும், அந்தி சாய்ந்தால் எங்கே ஏற வேண்டும் என்பதையெல்லாம் தாய்ப்பெட்டை குரலால்தான் சொல்லித்தருகிறது. அந்தக் குரலைக் கேட்காமல் வளர்ந்த பறவைக்குப் பருந்தும் தெரியவில்லை, நரியும் தெரியவில்லை. நம் பெட்டி பாவனை செய்வது எத்தனை பெரிய விஷயத்தை என்பது இங்கே விளங்கும். பெட்டையின் குரல் சேவலை இழுக்கும் தூண்டில் மட்டுமாக இருந்ததில்லை. கூட்டம் பிழைத்துக் கிடப்பதே அதை வைத்துத்தான்.

பின்னால் வழி பிறந்தது. தரையில் மடித்து மறைத்த பெரிய வலையைச் சிறு பீரங்கிக் குழாய்களின் வெடிவேகத்தில் பறவைக் கூட்டத்தின்மேல் வீசிப் பிடிக்கும் முறையை 1950-களின் தொடக்கத்தில் தென் கரோலினாவில் வான்கோழிக்குப் பயன்படுத்தினார்கள். அப்படிப் பிடித்த காட்டுப் பறவைகளை அட்டைப் பெட்டிகளில் அடைத்து, மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பினார்கள். வான்கோழியைக் கொடுத்து நீர்நாய் வாங்கிக்கொண்ட மாநிலமும் உண்டு. இதற்கான பணத்தின் பெரும்பகுதி வேட்டைக்காரர்களின் பையிலிருந்து வந்தது. 1937-இன் பிட்மன் - ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பணிகளுக்குப் போகிறது. தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கிய 1973-இல் நாட்டில் சுமார் 13 லட்சமாக இருந்த பறவைகள், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் 70 லட்சத்தை நெருங்கின. அதன்பிறகு சில மாநிலங்களில் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. என்றாலும் அலாஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் இன்று வான்கோழி வேட்டைப் பருவம் உண்டு.

1972-இன் இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே வழக்கு என்று ஆகிவிட்ட நாட்டில் இருந்து படிக்கிறவருக்கு, சுடுகிறவர் கொடுத்த வரியில் பறவை பெருகியது என்பது தொண்டையில் இறங்கச் சிரமமான செய்திதான். ஆனால் நம் பெட்டியை விற்கும் கடைகளில் பெரும்பாலானவை அந்தப் பெருக்கத்துக்குப் பிறகு முளைத்தவை.

சமையலறைப் பயிற்சி

ஏப்ரலில் மெக்சிகோ போகிறவருக்கு ஆயத்தம் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். பெட்டி முதலில் வசிப்பது சமையலறை மேசையில், பிறகு காரின் முன்சீட்டில். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் இரண்டு உரசல். வீட்டு நாய் முதலில் வெளியேறும், அப்புறம் மற்றவர்கள்.

கற்றுக்கொள்ள வேண்டிய சொற்கள் ஐந்தாறுதான். கூப்பிடும் தொனியில் வரிசையாக வரும் 'யெல்ப்'. மூடியைச் சுண்டிவிட்டால் வரும் ஒற்றைக் 'கிளக்'. மேய்ச்சலில் நிம்மதியாக இருக்கும் பெட்டையின் 'பர்', இதற்கு மூடியின் கனம் மட்டும் விளிம்பில் படியும்படி நகர்த்த வேண்டும். உசுப்பேறிய பெட்டையின் துண்டு துண்டான 'கட்டிங்'. விடியுமுன் மரக்கிளையில் இருந்தபடி தூக்கக் கலக்கத்தில் விடும் 'ட்ரீ யெல்ப்', இது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்டும் கேட்காமலும் இருக்க வேண்டும். குரலைவிடத் தாளம் முக்கியம் என்பார்கள் பழகியவர்கள். காட்டில் உண்மைப் பெட்டைகளே கர்ண கடூரமாகக் கத்துவது உண்டு. இடைவெளி தப்பாது.

சொற்கள் வந்துவிட்டால் உண்மையான பாடம் ஆரம்பம். வான்கோழியின் உலகத்தில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். சேவல் ஓரிடத்தில் நின்று முழங்கும், தோகை விரித்துக் காட்டும், வருவதற்காகக் காத்திருக்கும். பெட்டியை உரசுகிறவர் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கப் பார்க்கிறார்: நீ வா என்கிறார். ஓயாமல் கூப்பிட்டால் என்ன நடக்கும்? இவ்வளவு ஆசையாக இருக்கிற பெட்டை தானே வந்துவிடும் என்று சேவல் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் விதி இது: கூப்பிடு, அது பதில் சொல்லட்டும், பிறகு வாயை மூடு. பதில் வந்த பரவசத்தில் மூடியை மறுபடி இழுக்கத் துடிக்கும் கையை அடக்குவதுதான் இந்தக் கலையில் கடினமான பகுதி. நம் ஊரில் கவுதாரி பிடிப்பவர்கள் பழக்கிய கவுதாரியைக் கூண்டோடு புதரில் வைத்துக் கூவவிடுவார்கள். எப்போது கூவுவது, எப்போது நிறுத்துவது என்பது அந்தப் பறவைக்கே தெரியும். மரப்பெட்டிக்கு அந்தப் புத்தியை மனிதர்தான் கொடுக்க வேண்டும்.

ஆண்டுதோறும் நாஷ்வில் நகரத்தில் வான்கோழிக் கூட்டமைப்பின் மாநாட்டில் குரல் போட்டி நடக்கிறது. மேடைக் குரல் கேட்கக் கேட்க அழகு. ஆனால் மேடையில் மௌனத்துக்கு மதிப்பெண் கிடையாது, காட்டில் உண்டு.

பெட்டிப் பயிற்சிக்கு நடுவே மற்ற வேலைகளும் நடக்கும். துப்பாக்கி பெரும்பாலும் 12 கேஜ் ஷாட்கன். அதன் வாயில் 'ஃபுல் சோக்' குழாயைப் பொருத்தி, 40 கஜத்தில் காகிதம் கட்டிச் சுட்டு, 10 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவைகள் விழுகின்றன என்று எண்ணுவார்கள். குறைந்தது நூறு விழ வேண்டும் என்பது பழைய கணக்கு. குறி தலையும் கழுத்தும் மட்டுமே. இந்தப் பறவைக்கு மோப்பம் சொல்லும்படி இல்லை, கண்ணோ அபாரம். நிறம் தெரியும். தலையைத் திருப்பாமலே சுற்றுவட்டத்தில் பெரும்பகுதி தெரியும். ஆகவே முகத்திரை, கையுறை, இலைநிறச் சட்டை என்று எல்லாம் வேண்டும். அதில் ஒரு கண்டிப்பும் உண்டு. சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்றும் கைக்குட்டையில்கூட இருக்கக் கூடாது. கிளர்ச்சியடைந்த சேவலின் தலையில் தெரியும் நிறங்கள் அவை. புதருக்குள் அவற்றைக் காணும் இன்னொரு வேட்டைக்காரர் உங்களைச் சேவல் என்று நினைத்துவிட்டால் வினை. உட்காரும்போது தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்க்கச் சொல்வதும் பாதி மறைவுக்கு, பாதி உயிருக்கு.

எல்லை

புறப்படும் வாரத்தில்தான் துப்பாக்கிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

துப்பாக்கியை மெக்சிகோவுக்குள் கொண்டுபோக அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தற்காலிக அனுமதி வேண்டும். வேட்டை முகாம் நடத்துபவர் மாதக்கணக்கில் முன்னதாகவே வரிசை எண், ரகம், அளவு எல்லாம் வாங்கி விண்ணப்பிப்பார். எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் விமான நிலையத்தில் சிக்கல். அமெரிக்கப் பக்கத்தில், புறப்படுமுன் சுங்க அலுவலகத்துக்குத் துப்பாக்கியை எடுத்துப்போய் 4457 என்ற படிவத்தில் முத்திரை வாங்க வேண்டும். இந்த ஆயுதம் இங்கிருந்து போனதுதான், அங்கே வாங்கியதல்ல என்று திரும்பும்போது காட்டுவதற்கு. விமானத்தில் ஏற்ற, குண்டு நீக்கி, பூட்டுப்போட்ட கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்ட்டரில் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். தோட்டாவுக்குப் பல விமான நிறுவனங்களில் 5 கிலோ வரம்பு. சட்டைப்பையின் மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா மெக்சிகோ எல்லையில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதும் என்று அமெரிக்க அரசே தன் குடிமக்களை எச்சரிக்கிறது. ஆகவே அனுபவசாலிகள் கிளம்புமுன் வேட்டைப் பைகளையும் பழைய சட்டைகளையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறுவார்கள்.

இத்தனை தொல்லை எதற்கு என்று சிலர் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். முகாமிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. வேறொருவருடைய துப்பாக்கியாலும் 30 கஜத்தில் சேவலை வீழ்த்த முடியும்.

பெட்டியை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை. அது கைப்பையில், ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைக்குள் சுற்றப்பட்டு, மூடி ஆடிக் குரல் எழுப்பாதபடி ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கும். ஈரம் பட்டால் பெட்டி ஊமை. அந்த ரொட்டிப் பை அதற்குக் கவசம். எக்ஸ்ரே இயந்திரத்தில் அது நாலு மரத்துண்டும் ஒரு திருகாணியும்தான். அதற்குப் படிவம் கிடையாது, கட்டணம் கிடையாது. பல ஆயிரம் டாலர் செலவாகும் பயணத்தில் சில பத்து டாலருக்கு வாங்கிய இந்தப் பொருள் ஒருவர் கண்ணிலும் படாமல் எல்லை கடக்கிறது.

சியெரா மாத்ரே

ஹெர்மோசியோவிலோ சிவாவாவிலோ விமானம் இறங்கினால், அங்கிருந்து பிக்கப் வண்டியில் பல மணிநேர மலைப்பாதை. பைனும் ஓக்கும் கலந்த காடு, கடல்மட்டத்துக்கு மேல் ஐயாயிரம் அடிக்கு மேலே. பகலில் வெயில் கொளுத்தும், விடியலில் பற்கள் தந்தியடிக்கும். வறண்ட காற்று பெட்டிக்கு உகந்தது. மரம் சுருங்கிக் கெட்டிப்பட்டு, குரல் கணீரென்று வரும்.

இமயமலைப் பறவைகளைப் பற்றிய நூலால் பெயர்பெற்ற ஆங்கிலேயர் ஜான் கூல்ட், 1856-இல் இந்த மெக்சிகோப் பறவையை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். கூல்ட்ஸ் என்ற பெயர் அவரால் வந்தது. ஐந்தில் உடற்கட்டில் பெரியது இது. நீண்ட கால், அகன்ற பாதம், வால் நுனியில் பனிபோல வெண்பட்டை. எல்லைக்கு வடக்கே அரிசோனாவில் இது 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அற்றுப்போய், 1980-களில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து ஹுவாசூக்கா கோட்டைப் பகுதியில் திரும்ப விடப்பட்டது.

இந்த மலையடிவாரத்தில் மனிதரும் வான்கோழியும் பழகியது புதிதல்ல. சிவாவா மாநிலத்தில் காசாஸ் கிராண்டேஸ் அருகே பாக்கிமே என்ற மண்சுவர் நகரம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை செழித்திருந்தது. 1998-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. அங்கே பஞ்சவர்ணக் கிளிகளுக்கும் வான்கோழிகளுக்கும் மண்ணால் கட்டிய கூண்டறைகள் உண்டு. தோண்டியபோது வான்கோழி எலும்புக்கூடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் பல, தலையில்லாமல் புதைக்கப்பட்டவை. கறிக்காக என்பதைவிட இறகுக்கும் பலிக்கும் வளர்த்தார்கள் என்கிறார்கள் அகழ்வாளர்கள். மெக்சிகோவின் தென்பகுதியில் மனிதர் வளர்த்துப் பழக்கிய வான்கோழியை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது உலகம் சுற்றியது. 1612-இல் அரசவைப் பிரபு முகர்ரப் கான் கோவாவிலிருந்து வாங்கிவந்த ஒரு சேவலைக் கண்டு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அசந்துபோனார். நிறம் மாறிக்கொண்டே இருக்கும் அதன் தலையைப் பற்றித் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார், உஸ்தாத் மன்சூரைக் கொண்டு ஓவியமும் வரைவித்தார். அந்த ஓவியம் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜஹாங்கீர் பார்த்த அதிசயத்தைக் காட்டில் பார்க்கத்தான் நம் ஆள் இருட்டில் நடக்கிறார். முந்தின மாலையே சேவல்கள் எந்த மரத்தில் ஏறின என்று வழிகாட்டி குறித்துவைத்திருப்பார். அந்த மரத்துக்கு நூறு நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஓக் மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாயிற்று. ரப்பர் பேண்ட் கழன்றது. மூடியின் அடியில் சாக்பீஸ் ஒரு தடவை. எண்ணெயோ மெழுகோ கலந்த சாக்பீஸ் உதவாது, விளிம்பு வழுக்கிவிடும். விரல் ரேகை பட்டாலே குரல் நழுவும் என்பதால் மூடியைக் கைப்பிடியில் மட்டும் பிடிக்கிறார்.

கிழக்கு வெளுக்கையில் மூன்று மெல்லிய உரசல்கள், தூக்கத்தில் முனகுவது போல. பைன் உச்சியிலிருந்து மலையே அதிரும்படி பதில் வருகிறது. கை மூடியின் மேல் நிற்கிறது. நகரவில்லை. இறக்கை அடிக்கும் சத்தம், தரையில் கனமாக ஒன்று இறங்கும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. புதியவர்கள் தோற்பது இந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான். போய்விட்டதோ என்ற பயத்தில் மறுபடி கூப்பிட்டு, சேவலை நின்ற இடத்தில் நிறுத்திவிடுவார்கள். பொறுத்தவருக்கு முதலில் காதுக்கு எட்டாத ஓர் அதிர்வு நெஞ்சில் தட்டும். தோகை விரித்த சேவல் உடம்பைக் குறுக்கி எழுப்பும் அடிக்குரல் அது. அப்புறம் புல்லுக்கு மேல் வெண்பட்டை விசிறி. அதன் முன்னால் தலை: உச்சி வெள்ளை, கண்ணைச் சுற்றி நீலம், கழுத்துச் சதை ரத்தச் சிவப்பு, மூக்கின்மேல் நீண்டு தொங்கும் சதைத் துண்டு. சந்தேகம் வந்த கணத்தில் சிவப்பு வடிந்துவிடும். விசிறி மடங்குவதற்கும் ஓடி மறைவதற்கும் இடையே ஓரிரு நொடிகள்தான். துப்பாக்கியின் வேலை அவ்வளவுதான்.

காம்பேச்சே

ஆறாவதுக்கு மலையிறங்கித் தென்கிழக்கே போக வேண்டும். காம்பேச்சே மாநிலத்தின் காலக்முல் பக்கத்துக் காடுகளில் எஹிதோ எனப்படும் கூட்டு நில உரிமைக் கிராமங்கள் உண்டு. மெக்சிகோ அரசு 1997-இல் கொண்டுவந்த காட்டுயிர் மேலாண்மை அலகு முறைப்படி, இத்தனை பறவை என்று கணக்கிட்டு அனுமதிச் சீட்டு தருகிறார்கள். சீட்டுக்கும் வழிகாட்டிக்கும் சமையலுக்கும் வரும் பணம் கிராமத்துக்குப் போகிறது. காட்டை அழித்துச் சோளம் போடாமல் வைத்திருக்க அது ஒரு காரணம்.

இங்கே வாழும் கண்புள்ளி வான்கோழியைப் பார்த்தால், மயிலும் இதுவும் ஒரே குடும்பம் என்பது சட்டென்று புரியும். வாலிறகு ஒவ்வொன்றின் நுனியிலும் நீலமும் செம்பொன்னும் கலந்த கண். உடம்பில் பச்சை, வெண்கல மினுக்கு. நீலத் தலையில் ஆரஞ்சு மணிகள். மார்பில் முடிக்கற்றை இல்லை, காலில் முள் நீளம். சேவலுக்கே எடை 5 கிலோ சுமார்தான், கிழக்குக் காட்டுச் சேவலில் பாதி. குவாத்தமாலாவின் திகால் கோயில் இடிபாடுகளில் சுற்றுலாப் பயணிகளின் காலடியில் மேயும் அளவுக்குப் பயம் தெளிந்தது, வேட்டை நடக்கும் காட்டில் நிழலாக நழுவும்.

இந்தச் சேவல் முழங்காது, பாடும். அடிக்குரலில் தட்டுத் தட்டாகத் தொடங்கி, வேகம் பிடித்து, மெல்லிய உச்சத்தில் சலங்கை குலுங்குவதுபோல் முடியும் பாட்டு. பெட்டி பேசும் பாஷை இதற்குத் தெரியாது. அலபாமாவிலும் சியெராவிலும் சேவல்களை இழுத்துவந்த அதே யெல்ப், இங்கே ஒரு பறவையையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. போதாக்குறைக்குக் காட்டின் ஈரக்காற்றில் மரம் ஊறி, சாக்பீஸ் பசையாகிப் பெட்டி தானே வாயை மூடிக்கொள்கிறது.

அப்படியானால் எப்படி வேட்டை? விடியுமுன் மாயா இனத்து வழிகாட்டி காதைக் கொடுத்து நிற்கிறார். பாட்டு வரும் திசையில் சருகு நொறுங்காமல் பத்தடி, மறுபடி நிற்கிறார். அல்லது நீர்க்குட்டையோரத்தில் மணிக்கணக்கில் அசையாமல் இருக்கிறார்கள். கொசு முகத்தில் உட்கார்ந்தாலும் கை எழக் கூடாது. பெட்டியை நம்பி வந்தவர் இங்கே திணறிப்போவார். பெட்டியை உரசாமல் காத்திருக்கப் பழகியவருக்கோ இது பழைய பாடம்தான், இந்த முறை கையில் மூடி இல்லை, அவ்வளவே.

திரும்பும் வழி

ஊர் திரும்பும்போது காகிதம் கேட்பது இறகு. வால் விசிறியையும் காலையும் கொண்டுவந்தால் அமெரிக்கக் காட்டுயிர்த் துறைக்குத் தனி அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். பறவைக்காய்ச்சல் போன்ற நோய்கள் நுழையாமலிருக்கக் கால்நடைத் துறை வகுத்த விதிகளும் உண்டு. முழுதாகப் பதப்படுத்தாத பறவை உடலை அனுமதி பெற்ற பதனிடும் கூடத்துக்குத்தான் அனுப்ப முடியும். துப்பாக்கிக்கு மறுபடி 4457. பெட்டியை இந்த முறையும் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் அதற்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஈரம் போக நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். விளிம்பில் இறுகிப்போன பழைய சாக்பீஸை மெல்லத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். சொரசொரப்பான உப்புத்தாளைக் கொண்டு தேய்த்தால் செய்தவர் கொடுத்த வளைவும் அதோடு குரலும் போய்விடும். தென் கரோலினாவைச் சேர்ந்த நீல் காஸ்ட் போன்றோர் கைப்படச் செய்த பெட்டிகள் சேகரிப்பாளர்களிடம் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அந்தச் சந்தையில் கீறல் விழாததற்குத்தான் மவுசு. காட்டுக்குப் போகிறவர் கேட்பது உரசி உரசி விளிம்பு பளபளத்த, தன் கைக்கு எங்கே குரல் உடையும் என்று தெரிந்த பழைய பெட்டியை.

அடுத்த வசந்தத்துக்கு ஆயத்தமாகிறவர் துப்பாக்கியின் காகிதங்களை மாதக்கணக்கில் முன்னதாகத் தொடங்கட்டும், பெட்டியை அதற்கும் முன்னால் கையில் எடுக்கட்டும். துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும், காகிதத்தை முகாம்காரர் முடித்துத் தருவார், மரம் எது என்பதை வழிகாட்டி காட்டுவார். பதில் வந்த பிறகு மூடியின் மேல் கையை அசையாமல் வைத்திருப்பதை மட்டும் பணம் கொடுத்து யாரிடமும் வாங்க முடியாது.